குடல் சோதனைக்கு மயக்க மருந்து: எது, எவ்வளவு, யாருக்கு?

“குழாயை உள்ளே விடுவார்களாமே, வலிக்குமா? முழுவதும் தூங்க வைத்துவிடுவார்களா?”

பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் முதலில் கேட்பது இந்த இரண்டு கேள்விகளைத்தான். மருத்துவரிடம் கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடைத்துவிடுகிறது. வெட்கத்தால் மருத்துவரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டாரிடமும் உறவினரிடமும் கேட்பவர்களுக்கோ பலவிதமான கதைகள் கிடைக்கின்றன. ஒருவர் “ஒன்றுமே தெரியவில்லை, தூங்கி எழுந்தது போல இருந்தது” என்பார். இன்னொருவர் “உயிர் போய்த் திரும்பியது” என்பார். இரண்டாவது கதைதான் மனத்தில் தங்கும். அதன் பிறகு, குறித்த நாளை மாற்றச் சொல்லி மருத்துவமனைக்குத் தொலைபேசி அழைப்பு போகும்.

அப்படித் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண், பெண் இரு பாலாரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சி புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகிறது. இடையில் அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம். மற்றப் புற்றுநோய்கள் பலவற்றில் கிடைக்காத வாய்ப்பு இது.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் ‘எஃப்ஐடி’ பரிசோதனையைப் பலரும் தயக்கமின்றிச் செய்துகொள்கிறார்கள். முடிவு ‘இரத்தம் இருக்கிறது’ என்று வந்தால் அடுத்த படி உள்நோக்கிச் சோதனைதான். அந்தப் படியில்தான் பயம் குறுக்கே நிற்கிறது. மலப் பரிசோதனையில் இரத்தம் தென்பட்ட சுமார் 70,000 பேரை ஆராய்ந்து அமெரிக்காவில் 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, 10 மாதங்களுக்கு மேல் தாமதித்தவர்களிடம் புற்றுநோயும் முற்றிய நிலை நோயும் கூடுதலாகக் காணப்பட்டதைக் காட்டியது. ஆகவே வலியைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது சின்ன விஷயம் அன்று.

ஏன் வலிக்கிறது?

பெரியவர்களின் பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அது வயிற்றின் இடப்பக்கம், மேற்பக்கம், வலப்பக்கம் என்று ஒரு சட்டத்தைப் போல வளைந்து செல்கிறது. உள்நோக்கி என்பது விரல் பருமனுள்ள, வளைந்து கொடுக்கும் நீண்ட குழாய். அதன் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். ஆசனவாய் வழியாக அதைச் செலுத்தி, சிறுகுடல் வந்து சேரும் இடம் வரை கொண்டுபோய், பிறகு மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே மருத்துவர் குடலின் சுவரைப் பார்வையிடுவார். மொத்தம் 20 முதல் 40 நிமிடங்கள் பிடிக்கும். சதை வளர்ச்சிகள் பல இருந்தால் நேரம் கூடும்.

குடலின் உட்சுவருக்கு வெட்டும் வலி தெரியாது. மாதிரிக்காகச் சிறு துணுக்கு கிள்ளி எடுத்தாலும், சதை வளர்ச்சியைச் சுருக்குக் கம்பியால் அறுத்து எடுத்தாலும் நோயாளி அதை உணர்வதில்லை. குடலுக்குத் தெரிவது இழுவையும் உப்பலும்தான். இடப்பக்கம் கீழே குடல் ‘எஸ்’ வடிவில் வளையும் இடத்தில் குழாய் சில சமயம் சுருண்டுகொள்ளும். அப்போது குடலைத் தாங்கியிருக்கும் சவ்வு இழுபடும். அந்த இழுவைதான் பலர் சொல்லும் ‘பிசைகிற’ வலி. அடுத்தது, உள்ளே பார்ப்பதற்காகக் குடலை விரிக்கச் செலுத்தப்படும் வாயு. அது வயிற்று உப்புசத்தைத் தருகிறது.

எல்லாருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை. மெலிந்த உடல்வாகு கொண்ட பெண்கள், கருப்பை நீக்க அறுவை சிகிச்சை போன்றவற்றைச் செய்துகொண்டவர்கள், மலச்சிக்கல் நெடுநாளாக உள்ளவர்கள், மிகுந்த பதற்றத்துடன் வருபவர்கள் ஆகியோருக்கு வலி கூடுதலாக இருக்கக்கூடும். முந்தைய சோதனையில் சிரமம் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க இந்த விவரங்கள் உதவும்.

‘மயக்கம்’ என்ற ஒரே சொல்

தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘மயக்க மருந்து’ என்றே சொல்லிவிடுகிறோம். பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகும் ஊசியும் மயக்க ஊசி, இருதய அறுவை சிகிச்சைக்குக் கொடுப்பதும் மயக்க மருந்து. இதனால்தான் பின்னால் மனக்குறை வருகிறது. “மயக்க மருந்து போட்டும் எனக்கு எல்லாம் கேட்டது, மருந்து வேலை செய்யவில்லை” என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களில் பலருக்கு மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அவர்கள் எதிர்பார்த்தது வேறு, கொடுக்கப்பட்டது வேறு.

மருத்துவர்கள் மயக்கத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்.

முதல் படி, பதற்றம் மட்டும் தணியும் நிலை. நோயாளி இயல்பாகப் பேசுவார்.

இரண்டாம் படி, மிதமான மயக்கம். கண் செருகும், அரைத்தூக்கம் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ தோளைத் தொட்டாலோ பதில் வரும். மூச்சு தானாகவே நடக்கும்.

மூன்றாம் படி, ஆழ்ந்த மயக்கம். கூப்பிட்டால் எழமாட்டார். வலி தரும்படி தூண்டினால்தான் அசைவு இருக்கும். மூச்சுக்கு உதவி தேவைப்படலாம்.

நான்காம் படி, முழு மயக்கம். எதற்கும் அசைவு இருக்காது. மூச்சையும் பெரும்பாலும் மருத்துவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் படிகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒருவருக்கு இரண்டாம் படியில் நிறுத்தும் அளவு மருந்து, இன்னொருவரை மூன்றாம் படிக்குக் கொண்டுபோய்விடலாம். அதனால்தான் ‘கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்’ என்று நோயாளி கேட்டவுடன் மருத்துவர் போட்டுவிடுவதில்லை.

பரவலாகக் கொடுக்கப்படுவது மிதமான மயக்கம்

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் குடல் சோதனைக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது இரண்டாம் படியான மிதமான மயக்கம். கையில் ஒரு சிறு ஊசிக்குழாய் பொருத்தி, இரண்டு மருந்துகளைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள்.

ஒன்று மிடசோலம். இது பதற்றத்தைத் தணித்துத் தூக்கக் கலக்கத்தைத் தரும். செலுத்திய சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். இதற்கு வேறொரு குணமும் உண்டு. மருந்து உள்ளே சென்ற பிறகு நடப்பவை நினைவில் பதியாமல் செய்யும். சோதனையின்போது மருத்துவரிடம் பேசிய ஒருவர், பிறகு “நான் எதுவுமே பேசவில்லையே” என்று சாதிப்பது இதனால்தான்.

மற்றொன்று ஃபென்டனில். இது மார்ஃபின் வகையைச் சேர்ந்த, அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள வலி நிவாரணி. பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சன் 1960இல் உருவாக்கியது. ஓரிரு நிமிடங்களில் வேலை செய்யும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு மூக்கு நுனியில் அரிப்போ குமட்டலோ வரும்.

மிடசோலம் வலியைக் குறைக்கும் மருந்து அன்று. ஃபென்டனில் நினைவை மறைக்கும் மருந்து அன்று. இரண்டும் சேரும்போது, ஒவ்வொன்றும் குறைந்த அளவிலேயே போதுமானதாகிவிடுகிறது. ஆனால் இரண்டும் சேர்ந்து மூச்சின் வேகத்தையும் குறைக்கும். அதனால் விரலில் உயிர்வாயு அளவைக் காட்டும் கருவி, கையில் இரத்த அழுத்தப் பட்டை, மூக்கில் உயிர்வாயுக் குழாய் ஆகியவற்றைப் பொருத்தி, தாதி ஒருவர் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருப்பார். அளவு மீறினால் முறிப்பதற்கு மாற்று மருந்துகள் உள்ளன. மிடசோலத்துக்கு ஃபுளுமசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்சோன். இந்த முறையின் பெரிய பாதுகாப்பு இதுதான்.

வயதானவர்களுக்கு இம்மருந்துகள் கூடுதலாகப் பிடிக்கும், இறங்கவும் நேரமாகும். அவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்தே தொடங்குவார்கள். தூக்க மாத்திரை தினமும் சாப்பிடுபவர்களுக்கும் அதிகமாக மது அருந்துபவர்களுக்கும் வழக்கமான அளவு போதாமல் போகலாம். அபூர்வமாகச் சிலர் மிடசோலம் போட்டதும் அமைதியாவதற்குப் பதிலாகப் படபடத்துப் பிதற்றுவதும் உண்டு.

ஆழ்ந்து தூங்க வைக்கும் புரோபோஃபோல்

“எனக்கு எதுவும் தெரியக்கூடாது” என்று கேட்பவர்களுக்குக் கொடுக்கப்படுவது புரோபோஃபோல். பால் போன்ற வெள்ளை நிற மருந்து இது. பிரிட்டனில் 1970களில் கண்டுபிடிக்கப்பட்டு 1986இல் விற்பனைக்கு வந்தது. இதனைக் கண்டறிந்த கால்நடை மருத்துவர் ஜான் கிளென் 2018இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதைப் பெற்றார். மருந்தைச் செலுத்தி ஒரு நிமிடத்துக்குள் தூக்கம் வந்துவிடும். நிறுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பு வரும். எழும்போது தலைச்சுற்றலும் குமட்டலும் குறைவு. செலுத்தும்போது கையில் எரிச்சல் ஏற்படலாம், அது சில விநாடிகளில் போய்விடும்.

குறைகளும் இருக்கின்றன. மிதமான மயக்கத்துக்கும் மூச்சு தடைபடும் நிலைக்கும் நடுவே புரோபோஃபோலில் இடைவெளி குறுகியது. இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கலாம். முறிக்கும் மாற்று மருந்து இதற்குக் கிடையாது. மருந்து தானாக இறங்கும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பாடகர் மைக்கல் ஜாக்சன் 2009ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி இறந்ததற்கு இந்த மருந்தே முக்கியக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை கூறியது. தூக்கத்துக்காக, வீட்டில், முறையான கண்காணிப்புக் கருவிகள் இல்லாமல் அவருக்கு அது கொடுக்கப்பட்டிருந்தது. அதே மருந்து, தேர்ந்த கைகளில், சரியான கருவிகளுடன் உலகெங்கும் நாள்தோறும் பாதுகாப்பாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. ஆபத்து எவ்வளவு என்பது பெரும்பாலும் மருந்து கொடுக்கப்படும் சூழலைப் பொறுத்தது.

மயக்க மருந்து நிபுணர் தனியாக வர வேண்டியிருந்தால் கட்டணம் கூடும். காத்திருக்கும் காலமும் கூடலாம். இருதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், முன்பு மிதமான மயக்கத்தில் சோதனையை முடிக்க முடியாமல் போனவர்கள் ஆகியோருக்கு நிபுணர் உடனிருப்பது நல்லது என்று மருத்துவரே சொல்லக்கூடும். மற்றவர்கள் விரும்பிக் கேட்கலாம். ஆனால் செலவு விவரத்தை முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். மெடிசேவ் பணத்தை ஒரு வரம்பு வரை இச்சோதனைக்குப் பயன்படுத்தலாம். எஞ்சிய தொகை எவ்வளவு கையிலிருந்து போகும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசனைப் பிரிவு கணக்கிட்டுச் சொல்லும்.

மூச்சில் இழுக்கும் மருந்துகள்

ஊசி மருந்து வேண்டாம் என்பவர்களுக்குச் சில நாடுகளில் வேறு வழிகளும் உண்டு. பிரிட்டனில் பிரசவ அறைகளில் கொடுக்கப்படும் ‘என்டோனோக்ஸ்’ என்ற வாயுக் கலவையைக் குடல் சோதனைக்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி உயிர்வாயு. வலி வரும்போது நோயாளியே வாய்க்குழாயை வைத்து இழுத்துக்கொள்வார். நிறுத்திய சில நிமிடங்களில் அதன் விளைவு நீங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் அவசர மருத்துவ வண்டிகளில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வரும் மெத்தாக்சிஃப்ளூரேன் மருந்தையும் குடல் சோதனைக்குப் பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். பச்சை நிற ஊதுகுழல் போன்ற கருவியில் அதை வைத்து நோயாளி மூச்சிழுப்பார்.

இவை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை. குடலடைப்பு, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருத்தல் போன்ற கோளாறுகள் உள்ளவர்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு ஆகாது.

மருந்தே இல்லாமல் முடியுமா?

முடியும். நார்வே போன்ற நாடுகளில் மருந்தின்றிச் செய்துகொள்பவர்கள் ஏராளம். இங்கும் கேட்டால் பல மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். மருந்து இல்லையென்றால் சோதனை முடிந்ததும் எழுந்து நடக்கலாம். துணைக்கு ஆள் தேவையில்லை. அன்றே வேலையைப் பார்க்கலாம். திரையில் தம் குடலைத் தாமே பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் விளக்கம் கேட்கலாம்.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கும் விடுப்பு எடுக்க முடியாத வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கும் இது கருதிப் பார்க்க வேண்டிய வழி. ஆனால் வீம்புக்காக இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி வைத்துக்கொண்டு மருந்தின்றித் தொடங்கி, வலி பொறுக்க முடியாமல் போனால் அப்போது மருந்து பெறுவது நடுவழி. அவ்வாறு மருந்து பெற்றால் துணைக்கு ஆள் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மருந்துக்கு அப்பால்

வலியைக் குறைப்பது மருந்து மட்டும் அன்று. குடலை விரிக்கச் சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமிலவாயுவைச் செலுத்தினால், அதை உடல் மிக விரைவாக உறிஞ்சி மூச்சின் வழியே வெளியேற்றிவிடும். சோதனைக்குப் பிந்திய வயிற்று உப்புசம் வெகுவாகக் குறையும். சில மருத்துவர்கள் குழாயைச் செலுத்தும்போது வாயுவைத் தவிர்த்துத் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். அதனால் குடல் அதிகம் உப்பாது, வளைவுகளும் நேராகும், வலியும் குறைகிறது. மெலிந்தவர்களுக்குப் பருமன் குறைந்த குழாயைப் பயன்படுத்துவதுண்டு. தாதி வயிற்றை வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பதும், நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல்வதும் குழாய் சுருண்டுகொள்வதைத் தடுப்பதற்கே.

வலியைவிட வலியின் நினைவே மனிதரை மறுபடி வரவிடாமல் செய்கிறது என்பதைக் காட்டிய ஆராய்ச்சியும் இந்தச் சோதனையை வைத்தே நடந்தது. பொருளியலுக்கான நோபெல் பரிசை 2002இல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், கனடாவின் டொரோண்டோ நகர மருத்துவர் டோனல்ட் ரெடெல்மையருடன் சேர்ந்து குடல் சோதனை செய்துகொண்டவர்களை ஆராய்ந்தார். வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவர்கள் நினைவில் அவ்வளவாக நிற்கவில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, முடியும்போது எவ்வளவு வலித்தது என்பவைதான் நின்றன. 2003இல் வெளியான 682 நோயாளிகள் பற்றிய ஆய்வில், ஒரு பாதியினருக்குச் சோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியைச் சற்று நேரம் அசைக்காமல் வைத்திருந்து எடுத்தார்கள். சோதனை நீண்டபோதிலும் அவர்கள் குறைந்த வலியையே நினைவுகூர்ந்தார்கள். மறு சோதனைக்கு வரும் வாய்ப்பும் அவர்களிடம் ஓரளவு கூடியது. பக்கத்து வீட்டாரின் கதையைக் கேட்கும்போது, அது முழுச் சோதனையின் கதை அல்ல, அதன் மிக மோசமான ஒரு நிமிடத்தின் கதையாக இருக்கலாம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

மயக்க மருந்து பாதுகாப்பாக அமைவது நோயாளி தரும் தகவலைப் பொறுத்தது. கீழ்க்கண்டவற்றைச் சோதனைக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் சொல்ல வேண்டும். இரவில் மூச்சுக் கருவி பயன்படுத்துபவர்கள் அதைக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின், மாத்திரை ஆகியவற்றின் முழுப் பட்டியலையும் காட்ட வேண்டும். பேதி மருந்து குடித்து உணவின்றி இருக்கும் நாளில் வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். சில நீரிழிவு மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீரிழிவுக்காகவோ எடை குறைப்புக்காகவோ வாரம் ஒருமுறை போடப்படும் செமாகுளுடைட் போன்ற ஊசிகள், வயிற்றில் உணவு தங்கும் நேரத்தை நீட்டிக்கும். மயக்கத்தில் இருக்கும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதனால் அதையும் மறைக்கக் கூடாது.

இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, தூக்க மாத்திரை, மது, புகை, நாட்டு மருந்து, மூலிகைச் சூரணம் எதுவானாலும் சொல்ல வேண்டும். மருத்துவர் திட்டுவார் என்று மதுப் பழக்கத்தைக் குறைத்துச் சொல்பவர்கள், தங்கள் வலி நிவாரணத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். எந்த மருந்தையும் தாமாக நிறுத்துவதும் கூடாது. முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ ஆடும் பற்கள், பொய்ப் பற்கள் இருந்தாலோ அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் முதியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வலித்தாலும் “பரவாயில்லை” என்பார்கள். மருத்துவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற மரியாதை அது. இந்தச் சோதனையில் அந்த மரியாதை தேவையில்லை. கடுமையான வலி என்பது குழாய் சுருண்டிருக்கிறது என்று மருத்துவருக்குக் கிடைக்கும் அறிகுறியும்கூட. ஆங்கிலமோ மலாயோ சரளமாக வராதவர்கள், வலித்தால் கையை உயர்த்துவதாகத் தொடங்குமுன் தாதியிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

வெட்கமும் ஒரு தடைதான். பின்பக்கம் மட்டும் திறப்புள்ள காற்சட்டையைப் பல மருத்துவமனைகள் தருகின்றன. உடலின் மற்றப் பகுதிகள் போர்வையால் மூடப்பட்டே இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

துணைக்கு யார் வருவது?

ஊசி மருந்து பெற்றவர் தெளிவாக இருப்பதாகத்தான் உணர்வார். ஆனால் கவனமும் முடிவெடுக்கும் திறனும் முழுமையாகத் திரும்ப ஒரு நாள் ஆகும். 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டக்கூடாது, இயந்திரங்களை இயக்கக்கூடாது, மது அருந்தக்கூடாது, வீட்டுப் பத்திரம் போன்ற ஆவணங்களில் கையெழுத்திடக்கூடாது. பெரியவர் ஒருவர் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். துணை இல்லையென்றால் சோதனையையே மருத்துவமனை ஒத்திவைக்கக்கூடும்.

துணைக்கு வருபவருக்கு வீட்டுக்கு அழைத்துப் போவதைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. சோதனை முடிந்து மருத்துவர் முடிவைச் சொல்லும்போது நோயாளி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் ஒன்றும் நினைவிருக்காது. ‘சதை வளர்ச்சியை எடுத்திருக்கிறோம், மூன்று ஆண்டில் மறுபடி வாருங்கள்’ என்று சொன்னதை அவர் மறந்துவிட்டால் பெற்ற பயன் வீணாகும். துணைக்கு வந்தவர் உடனிருந்து கேட்க வேண்டும். முடிவை எழுத்திலும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் அதற்காகச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. மருத்துவச் சந்திப்புகளுக்கு உடன்வந்து வீட்டில் கொண்டுபோய்விடும் சேவைகளைச் சமூக அமைப்புகள் வழங்குகின்றன. மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சோதனையைவிடப் பேதி மருந்துதான் கொடுமை என்கிறார்களே?

பலருடைய அனுபவம் அப்படித்தான். குடல் சுத்தமாக இல்லையென்றால் சிறு வளர்ச்சிகள் மறைந்துவிடும், சோதனையும் நீளும், வலியும் கூடும். இப்போது மருந்தை முதல் நாள் மாலை பாதி, சோதனை நாளில் பாதி என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். குளிரவைத்துக் குடித்தால் சுவை அவ்வளவு தெரியாது. தெளிந்த நீராகாரத்தைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை பருகலாம். எனினும் அவரவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் உள்ள நேரமே முடிவானது.

மயக்கத்தில் ஏதாவது உளறிவிடுவோமா?

சிலர் பேசுவதுண்டு. பெரும்பாலும் ஓரிரு சொற்கள்தான். அந்த அறையில் இருப்பவர்களுக்கு அது புதிதன்று. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவர்கள் கடமை.

வயதான தாயாருக்கு மயக்கம் கொடுத்தால் நினைவு தடுமாறுமா?

மருந்து இறங்கும் வரை தடுமாற்றம் இருக்கலாம். அதனால் அளவைக் குறைத்தே கொடுப்பார்கள். மறதி நோய் ஏற்கெனவே உள்ளவராக இருந்தால், சோதனை தேவைதானா, அதன் முடிவால் சிகிச்சை மாறுமா என்பதையே முதலில் மருத்துவருடன் பேச வேண்டும்.

சிடி ஸ்கேன் எடுத்தால் மயக்கமே தேவையில்லையாமே?

உண்மை. சிடி ஸ்கேன் முறைக்கு மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை. ஆனால் அதற்கும் குடலைத் தயார் செய்ய வேண்டும், வாயுவும் செலுத்துவார்கள். வளர்ச்சி தென்பட்டால் அதை எடுக்க உள்நோக்கிச் சோதனைக்கே திரும்பி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வலித்தால்?

லேசான உப்புசமும் பிசைவும் இயல்பு. நடந்தால், வாயு பிரிந்தால் சரியாகும். வாயு பிரிவதற்கு வெட்கப்படக் கூடாது. நேரம் செல்லச் செல்லக் கூடும் வலி, கல் போல இறுகும் வயிறு, காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை இருந்தால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. நேர்ந்தால் தாமதம் கூடாது.

கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன் நோயாளி நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். எனக்குக் கொடுக்கப்போவது எந்தப் படி மயக்கம்? அதை யார் கொடுப்பார், என் மூச்சை யார் கவனிப்பார்? பாதியில் வலித்தால் என்ன செய்வீர்கள்? செலவு எவ்வளவு?

“முழுவதும் தூங்கிவிடுவேன்” என்று நினைத்துப் போய் அரைவிழிப்பில் இருந்தவருக்கு அது ஏமாற்றம். “அரைத்தூக்கமாக இருக்கும், குரல்கள் கேட்கும், கொஞ்சம் பிசையும், கையை உயர்த்தினால் மருந்து தருவார்கள்” என்று தெரிந்து போனவருக்கு அதே அனுபவம் தாங்கக்கூடியது.

நியூயார்க்கில் மருத்துவர்கள் வில்லியம் வோல்ஃப், ஹிரோமி ஷின்யா இருவரும் குடலை அறுக்காமல் குழாய் வழியாகவே சதை வளர்ச்சியை எடுக்கத் தொடங்கியது 1969இல். அதற்கு முன் அந்தச் சிறு வளர்ச்சியை எடுப்பதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற, வலியைக் குறைக்க இத்தனை வழிகள் உள்ள சோதனைக்காகத்தான் பலர் பயந்து நாளைக் கடத்துகிறார்கள். மலப் பரிசோதனைக் கடிதம் மேசை இழுப்பறையில் கிடக்கும் வீடுகளில், அதை இன்றே எடுத்து மருத்துவமனையை அழைத்து நாள் கேட்பது நல்லது. அழைக்கும்போதே மயக்க மருந்தைப் பற்றியும் கேட்டுவிடலாம்.